கொங்குச் சாப்பாட்டை வெளிநாட்டு அடுப்பில் ஏற்றுவது எப்படி?

வெளிநாட்டில் தென்னிந்திய உணவகம் என்று பலகை தொங்கினால் உள்ளே மசால் தோசை இருக்கும், சாம்பார் இட்லி இருக்கும், ஊர் கொஞ்சம் பெரிதென்றால் செட்டிநாடு கோழியும் இருக்கும். அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப்பருப்பும் இருக்காது. கோயம்புத்தூரிலேயே அவை வீட்டில் கிடைக்கிற அளவுக்குக் கடையில் கிடைப்பதில்லை. அதனால் உணவகம் உணவகமாக ஏறி இறங்குவதை விட்டுவிட்டு மளிகைக் கடையைத் தேடுங்க. கொங்குச் சமையலுக்கு வேண்டிய தானியமும் பருப்பும் உலகத்தில் பாதி ஊர்களில் கிடைக்கின்றன, பெயர்தான் வேறு.

இது சமையலே தெரியாமல் கிளம்புகிறவர்களுக்கானது. ஊருக்குப் போன் போட்டால் "அளவென்ன அளவு, பாத்துப் போடு கண்ணு" என்றுதான் பதில் வரும். பார்த்துப் பழகிய கைக்கு அது போதும், புதுக் கைக்குப் போதாது. அதனால் இங்கே எல்லாமே அளவோடு இருக்கிறது. டம்ளர் என்றால் 200 மி.லி. அமெரிக்கக் கடைகளில் விற்கும் அளவுக் கப் சுமார் 240 மி.லி. பிடிக்கும். அரிசியைக் கப்பிலும் தண்ணீரைக் காபி டம்ளரிலும் அளந்தால் சாதம் நறுக்கென்று நிற்கும். எதில் தொடங்கினாலும் கடைசி வரை அதே பாத்திரம்தான்.

படி 1: பெட்டியில் எது, எது வேண்டாம்

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். அவற்றைச் சுமப்பது எடைக்குக் கேடு. எடுத்துப் போக வேண்டியது கருவிகளை: அடியில் காந்தம் ஒட்டுகிற 3 லிட்டர் ஸ்டீல் குக்கர், கூடவே இரண்டு ரப்பர் வாஷர், ஒரு சேப்டி வால்வு. சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. வாஷர் போய்விட்டால் அதே கம்பெனி வாஷருக்கு அங்கே அலைய வேண்டி வரும். மிக்சியை அமெரிக்காவுக்குக் கொண்டு போகாதீங்க. நம் ஊர் மிக்சி 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். 110 வோல்ட்டுக்கென்றே செய்த இந்திய மிக்சி அங்குள்ள இந்தியக் கடைகளில் விற்கிறது. வளைகுடா, ஐரோப்பா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

சாமானில் இரண்டே இரண்டு சொல்லலாம். ஒன்று ஈரோட்டு மஞ்சள், கால் கிலோ போதும். இன்னொன்று கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு அது. தீர்ந்துபோனால் லத்தீன் அமெரிக்கக் கடைகளில் பனெலா, மெக்சிகோக்காரர் கடையில் பிலோன்சியோ என்று கேளுங்க. இரண்டும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லமேதான்.

இனி வைக்கவே கூடாதவை. காங்கேயம், பெருந்துறைப் பக்கத்து ஆட்கள் பாசத்தில் கொப்பரையைத் திணித்து அனுப்புவார்கள். கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்து விதிகளில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்துவிடுவார்கள். குருமாவுக்குப் போடுகிற கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். கோவையிலிருந்து நேரடி விமானம் போகிற சார்ஜாவுக்கும் இது பொருந்தும். பறிமுதலோடு நிற்காமல் வழக்கு வரை போகலாம், விளையாட்டில்லை. கசகசாவுக்குப் பதிலாக முந்திரி அரைத்து ஊற்றினால் குருமா கெட்டியாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பயணிகள் பால் பொருள் கொண்டுபோக முடியாது என்பதால் ஊத்துக்குளி நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. எலுமிச்சை இன மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பது காரணம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்க. மறைத்தால் அங்கேயே அபராதம்.

படி 2: கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது

வெளிநாட்டில் இந்தியக் கடை என்றால் பெரும்பாலும் குஜராத்தி அல்லது பஞ்சாபிக் கடை. தமிழ்க் கடை என்றால் பல ஊர்களில் ஈழத்தமிழர் கடை. முதலில் ஈழத்தமிழர் கடையைப் பாருங்க. புழுங்கல் அரிசி, நல்லெண்ணெய், தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), கறிவேப்பிலை எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.

கொள்ளு குஜராத்திக் கடையில் குல்தி அல்லது குல்த், மலையாளக் கடையில் முதிர, தெலுங்குக் கடையில் உலவலு. கம்பு பாஜ்ரா. சோளம் ஜோவர். ராகி மராட்டியர் கடையில் நாச்சினி, கென்யக் கடையில் விம்பி. தட்டைப்பயறுக்கு இந்தியக் கடையே தேவையில்லை. பிளாக் ஐட் பீன்ஸ் என்று சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கும். கம்பு மாவைப் பெரிய பாக்கெட்டாக வாங்காதீங்க. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்த மாவு சீக்கிரம் சிக்கடித்துக் கசந்துபோகும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி பிரீசரில் வையுங்க.

துவரம்பருப்பில் கவனம் வேண்டும். ஆயிலி என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் கெடாமலிருக்க விளக்கெண்ணெய் தடவிய பருப்பு என்று அர்த்தம். வெந்நீரில் மூன்று நான்கு முறை தேய்த்துக் கழுவாவிட்டால் சாதம் முழுக்க அந்த வாடைதான். கழுவச் சோம்பல் என்றால் எண்ணெய் தடவாத பாக்கெட்டையே தேடி எடுங்க.

எண்ணெயில்தான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சீன, கொரியக் கடைகளில் விற்கிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. கருஞ்சிவப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும். அதில் தாளித்தால் ரசம் நூடுல்ஸ் கடைக்குப் போய்விடும். ஜிஞ்செலி ஆயில் என்று எழுதிய பாட்டில்தான் நம் நல்லெண்ணெய். கடலை எண்ணெய் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், ஆனால் சுத்திகரித்தது, மணமிருக்காது. பொரிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய சொந்தம் தாய்லாந்துக் கடையில் கிடைக்கும் சிவப்பு ஷாலட். முத்து மாதிரி வெள்ளையாக இருக்கும் பேர்ல் ஆனியன் வெறும் இனிப்பு, காரமே கிடையாது. உரித்து உறையவைத்த சின்ன வெங்காயப் பாக்கெட் வதக்கப் பரவாயில்லை, பச்சையாக உதவாது.

நெய்க்கு வழி: உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் உருக்குங்க. சலசலவென்ற சத்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு உடனே இறக்கி வடிகட்டணும். சுமார் 200 கிராம் வரும். ஜெர்மனியில் புட்டர்ஷ்மால்ஸ் என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் விற்கிறது. அதில் கசடு சிவக்கிற மணம் இல்லை.

படி 3: புகை மணி

மிளகாய் கருகினால் நம் வீட்டில் எல்லோரும் தும்முவார்கள். அங்கே கூரையில் இருக்கிற கருவி அலறும். சில கட்டடங்களில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும். காற்றுறிஞ்சியை எண்ணெய் காயும் முன்பே போட்டுவிடுங்க. சுருள் கம்பி மின்னடுப்பில் சுவிட்சை அணைத்தாலும் சூடு உடனே குறையாது; கடுகு வெடித்ததும் வாணலியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, அந்தச் சூட்டிலேயே வரமிளகாயும் கறிவேப்பிலையும் போடணும்.

படி 4: முதல் சமையல், அரிசிம்பருப்புச் சாதம்

ஒரே பாத்திரம், ஊறுவது போக அரை மணி நேரம். புதுக் கைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இரண்டு பேருக்கான அளவு:

பச்சரிசி (சோனா மசூரி) 1 டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் மூன்றேகால் டம்ளர். பொன்னிப் புழுங்கல் என்றால் மூன்றரை. தாய்லாந்து மல்லிகை அரிசி குழையும், இரண்டரை போதும். பாஸ்மதி வேண்டாம். அது ஒட்டாமல் நிற்பதற்கென்றே பிறந்த அரிசி, இந்தச் சாதமோ குழைந்து சேர வேண்டியது.

அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கழுவி 15 நிமிடம் ஊற வையுங்க. குக்கரில் 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு அரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை டீஸ்பூன், வரமிளகாய் 3, பூண்டு 6 பல், கறிவேப்பிலை, 12 சின்ன வெங்காயம் இந்த வரிசையில். வெங்காயத்தைப் பொடியாக நறுக்க வேண்டாம், இரண்டாக வெட்டினால் போதும். ஓரம் சிவந்ததும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன். தக்காளி கரைந்ததும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரிசி பருப்பைப் போட்டு, 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்ப்பூ தூவி மூடுங்க. மூன்று விசில், தானாக ஆவி அடங்கும் வரை திறக்காதீங்க. திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய். தயிரும் ஊறுகாயும் போதும், அப்பளம் இருந்தால் யோகம்.

இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சார பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள் விசிலுக்காகக் காத்திருக்காதீங்க, அதில் விசில் கிடையாது. உயர் அழுத்தத்தில் 8 நிமிடம், பிறகு 10 நிமிடம் சும்மா விடுங்க. அடிப்பிடித்ததாக எச்சரிக்கை காட்டினால் காரணம் பெரும்பாலும் தக்காளிதான். தண்ணீர் ஊற்றியதும் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிட்டு மூடினால் வராது.

பருப்பு மட்டும் வேகாமல் நின்றால் பழைய பருப்பாக இருக்கும். அடுத்த முறை பருப்பைத் தனியாக ஒரு மணி நேரம் ஊற வைத்துச் சேருங்க.

படி 5: கொள்ளு, ஒரே வேகலில் பருப்பும் ரசமும்

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் மருந்து, சாப்பாடு இரண்டும். 1 டம்ளர் கொள்ளைத் தட்டில் பரப்பி முதலில் கல் பொறுக்குங்க. கொள்ளு நிறத்திலேயே கல் இருக்கும், கண்ணுக்குத் தப்பும். அதனால் தண்ணீரில் ஒருமுறை அரித்தும் எடுக்கணும். பிறகு 8 மணி நேரம் ஊறட்டும்.

ஊறியதை 5 டம்ளர் புதுத் தண்ணீரில் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 25 நிமிடம். விரலால் நசுக்கினால் மாவாகணும், தோல் மட்டும் தனியே நிற்பது சரிதான். வேகவில்லை என்றால் இரண்டு காரணம்: கொள்ளு பழசு, அல்லது தண்ணீர் கடினம். லண்டன் மாதிரி சுண்ணாம்புத் தண்ணீர் வரும் ஊர்களில் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால் இளகும். புளியையோ தக்காளியையோ வேகும்போதே போட்டுவிடாதீங்க, புளிப்பு பட்டால் பயறு இறுகிவிடும்.

தண்ணீரை வடித்து எடுத்து வையுங்க. கிட்டத்தட்ட மூன்று டம்ளர், காப்பி நிறத்தில் வரும். அதைச் சாக்கடையில் கொட்டினால் பாதிச் சமையல் போச்சு.

பருப்புக்கு: 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கொத்தமல்லி விதை ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், வரமிளகாய் 4, பூண்டு 5 பல், சின்ன வெங்காயம் 12, கறிவேப்பிலை, சின்னத் தக்காளி ஒன்று. மல்லி மணம் வந்த பிறகுதான் வெங்காயம். ஆறியதும் மிக்சியில் ஒரு சுற்று, பிறகு வெந்த கொள்ளும் உப்பும் போட்டு விட்டு விட்டு இரண்டு மூன்று தட்டு. தோசை மாவு மாதிரி ஆகிவிட்டால் ருசி போய்விடும். அங்கங்கே முழுக் கொள்ளு பல்லில் படணும். ஆட்டுக்கல்லில் அமுச்சி (பாட்டி) ஆட்டுகிற பதம் மிக்சியில் முழுசாக வராது, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பக்கத்தில் வரும். சுடுசோற்றில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது.

ரசத்துக்கு: வெந்த கொள்ளில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பூண்டு 4 பல்லோடு கொரகொரப்பாக அரைத்து வடித்த தண்ணீரில் கலக்குங்க. பாதி எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி உப்பும் போட்டுத் தாளித்து, மேலே நுரை கூடி வரும்போது இறக்கி மல்லித்தழை. கொதிக்கவிட்டால் சாறு அடியில் தங்கி மேலே வெறும் புளித்தண்ணி நிற்கும். பாட்டிலில் வருகிற கறுத்த புளிக் கரைசல் என்றால் அரை டீஸ்பூனுக்கு மேல் போகாதீங்க. தாய்லாந்துப் புளி மென்மையாக இருக்கும், கொஞ்சம் கூடப் போடலாம்.

சந்தகை ஆசை வந்தால்

சந்தகை என்பது இடியாப்பம் மாதிரி நூல் நூலாகப் பிழிகிற பலகாரம். அரிசி ஊறவைத்து ஆட்டி, இட்லியாக அவித்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிவது இரண்டு ஆள் வேலை. தனியாக இருப்பவர் வியட்நாம் கடையில் மெல்லிய அரிசிச் சேமியாவை வாங்கிக்கொள்ளலாம். பாக்கெட்டில் உட்பொருள் அரிசியும் தண்ணீரும் மட்டும்தானா என்று பாருங்க. கிழங்கு மாவு கலந்திருந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். கொதித்த தண்ணீரை ஊற்றி 3 நிமிடம் மூடி, வடிகட்டி, பச்சைத்தண்ணீரில் அலசி உடனே உதறிவிடணும். கடுகு, உளுந்து, பச்சைமிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் ஒரு வகை. தேங்காய்ப்பாலில் நாட்டுச்சர்க்கரை கரைத்து ஊற்றினால் இன்னொரு வகை. டின் தேங்காய்ப்பால் கெட்டியாக இருக்கும், அதே அளவு வெந்நீர் கலந்து ஊற்றுங்க.