பழைய சினிமாக்காரருக்கு விருந்து வைக்கப்போகிறீர்களா?

கம்பஸ் சினிமா வட்டத்தின் புதிய செயற்குழுப் பிள்ளைகள் போன மாதம் எனக்குப் போன் எடுத்தார்கள். "அக்கா, கௌரவிப்பு விருந்து ஒண்டு வைக்கப்போறம். எங்க தொடங்கிறது?" அந்த வட்டத்தில் நான் இரண்டு வருடம் பொருளாளர், ஒரு வருடம் செயலாளர். மூன்று விருந்து நடத்தியிருக்கிறேன், முதலாவது படுதோல்வி. இப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. போனில் ஒரு மணித்தியாலம் சொன்னதை வேறு கம்பஸ் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த யோசனையை எங்களுக்குள் போட்டது ஒரு சீனியர் அண்ணா. லொஸ் ஏஞ்சலஸில் இருக்கும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1929இலேயே அமெரிக்கத் திரைப்பட அகடமியோடு சேர்ந்து சினிமாவைப் பாடமாக்கிய இடம். அகடமியின் முதல் தலைவர் டக்ளஸ் பெயார்பாங்ஸ் நேரில் வந்து விரிவுரை செய்திருக்கிறார். அங்கே 1930களில் தொடங்கியது டெல்டா கப்பா அல்பா என்ற சினிமா மாணவர் சங்கம். திரைத்துறைக்காரர்களை அழைத்து, விருந்து வைத்து, கௌரவம் செய்வது அவர்களுடைய வழக்கமாக இருந்தது. "நாங்களும் செய்வம்" என்றார் அண்ணா. செய்யலாம்தான். ஆனால் அவர்களுக்கு ஹொலிவூட் பக்கத்து வீடு மாதிரி. எங்களுக்கு ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ 1983 யூலைக் கலவரத்தில் எரிந்துபோனது. படச்சுருள்களும் அதோடு போயின. ஆகவே எங்களுடைய முதல் வேலை மண்டபம் பார்ப்பது இல்லை, ஆளைத் தேடுவது.

முதல் வருடம் நாங்கள் தேடவே இல்லை. எல்லோருக்கும் முகம் தெரிந்த ஒரு நடிகரைக் கூப்பிட்டோம். அவருடைய வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நினைவுச் சின்னம் வைக்க இடமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கூட்டம் சேரும் என்று ஓர் அரசியல்வாதியைப் பிரதம விருந்தினராகப் போட்டோம். ஏழு மணி விழாவுக்கு அவர் எட்டே முக்காலுக்கு வந்தார். பதினொரு பொன்னாடை, ஆறு உரை. நடிகருக்கு நீரிழிவு. சாப்பாடு திறக்கும்போது ஒன்பதே முக்கால், மனிதரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவு கணக்குப் பார்க்கும்போது எனக்கு வந்த வெட்கம் இப்போதும் போகவில்லை. கீழே நான் சொல்லும் கட்டுப்பாடுகளில் பாதி அந்த இரவில் வந்தவை.

முகம் தெரிந்தவரை விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவுக்காரர், ஒப்பனைக்காரர், கட்அவுட் வரைந்தவர், தியேட்டர் ஒப்பரேட்டர், டிக்கெட் கிழித்தவர் என்று போங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய தியேட்டர்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். சலூனிலும் கோயில் மடத்திலும் பள்ளிவாசல் வாசலிலும் கேட்டால் இரண்டு கிழமைக்குள் யாராவது "எங்கட மாமா ஒருத்தர் இருக்கிறார்" என்பார்கள்.

"தமிழ்ச் சினிமா வட்டம்" என்று பெயர் வைத்துவிட்டுத் தமிழ்ப் படத்தில் வேலை செய்தவரை மட்டும் தேடினால் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படத்தின் தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். சிங்களப் படங்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமியின் மெட்டுகளைப் பாடாத சிங்களக் குடும்பம் குறைவு. மறுபக்கம் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படமான 'பொன்மணி'யை 1977இல் இயக்கியவர் சிங்களவரான தர்மசேன பத்திராஜ. 1962இல் 16 மில்லிமீட்டரில் வந்த 'சமுதாயம்' தொடங்கி இலங்கைத் தமிழ்ப் படங்களின் பட்டியலை எடுத்தால், கமெராவுக்குப் பின்னால் இரண்டு மொழிக்காரரும் கலந்தே நிற்பார்கள். ஆகவே அழைப்பிதழை மூன்று மொழியில் அடியுங்கள். விருந்தினரின் பெயரை மூன்று மொழியிலும் அவரே எழுதித் தரட்டும். நாங்கள் ஒருமுறை ஊகித்து அடித்து, நினைவுச் சின்னத்தில் ஒரு எழுத்துப் பிழைத்து, விழா அன்று மத்தியானம் பித்தளைத் தகட்டை மாற்ற வாழைத்தோட்டத்துக்கு ஓட்டோவில் ஓடினோம்.

இரண்டாவது வருடம் கிடைத்தவர் கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்த ஒரு தியேட்டர் ஒப்பரேட்டர். வயது எழுபத்தெட்டு. முப்பது வருடத்துக்கு மேல் படம் ஓட்டியவர். இவரை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

விழாவுக்கு முன் குறைந்தது மூன்று தடவை வீட்டுக்குப் போங்கள். முதல் தடவை இரண்டே பேர், அதில் ஒருவர் பெண்பிள்ளையாக இருந்தால் நல்லது. ரெக்கோடர் வேண்டாம், போனை வெளியே எடுக்கவே வேண்டாம். அரைக் கிலோ திராட்சையோ பிஸ்கட் பெட்டியோ கொண்டுபோங்கள். "உங்களைக் கௌரவிக்கப்போகிறோம்" என்று தொடங்கினால் பயந்துவிடுவார்கள். எங்களிடம் அவர் முதலில் கேட்டது, "எவ்வளவு காசு நான் கட்டவேணும் மகள்?" அப்படிக் காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுக்கும் கூட்டங்கள் உண்டு, அவரை ஏற்கனவே ஒன்று அணுகியிருந்தது. "ஒரு சதமும் வேண்டாம் ஐயா, வாகனமும் நாங்களே அனுப்புவம்" என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்று முக்கியமாகப் பேசவேண்டியது வீட்டு அம்மாவோடு, அல்லது மகளோடு. மருந்து எத்தனை மணிக்கு, படி ஏறுவாரா, காது எந்தப் பக்கம் கேட்கும், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவாரா, எத்தனை மணிக்குமேல் முழித்திருக்க மாட்டார். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் மண்டபம், நேரம், சாப்பாடு மூன்றும் தானாகவே தீர்மானமாகிவிடும்.

இரண்டாவது தடவை தொழிலைப் பற்றிக் கேளுங்கள். "உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "ஒரு ரீல் எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டோம், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயிரம் அடிக்குப் பதினொரு நிமிடம். இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு. மெஷின் இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலைக் கோர்த்து வைக்கவேண்டும். வெளிச்சத்துக்கு உள்ளே இரண்டு கரிக்குச்சி எரிந்துகொண்டே இருக்கும், எரிய எரிய இடைவெளி கூடும், கூடினால் திரை மங்கும், ஆகவே ஒரு கண் அதில். ரீல் முடியப்போகும்போது திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு பொட்டு வரும், அப்போது அடுத்த மெஷினின் மோட்டரைப் போடவேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது பொட்டு. அதில் மாற்றவேண்டும். "தூங்கினா வெள்ளைத் திரைதான். சனம் கதிரையை அடிக்கும்." படம் அறுந்தால் ஒட்டுவதை வெறும் கையால் காற்றில் செய்து காட்டினார். பிளேட்டால் ஒரு முனையைச் சுரண்டுகிறார், பசையைத் தொட்டு ஒரு கோடு இழுக்கிறார், மற்ற முனையை ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி வைக்கிறார், பெருவிரலால் அழுத்தி உதட்டுக்குள் ஏதோ எண்ணுகிறார். அந்த விரலின் நகம் ஒரு பக்கம் தட்டையாகவே இருந்தது.

இதுதான் விழாவின் நடு நிகழ்ச்சி என்று அங்கேயே முடிவு செய்தோம். நீங்களும் இப்படி ஒன்றைப் பிடிக்கும்வரை திகதி குறிக்காதீர்கள்.

புகைப்படங்கள், நோட்டீஸ்கள், பழைய சம்பளத் துண்டுகள் எதுவானாலும் வீட்டிலேயே போனில் பிடித்துக்கொள்வது நல்லது. இரவல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எண்ணி, பட்டியல் எழுதி, கையெழுத்து வைத்து ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். நாங்கள் பதினான்கு படம் வாங்கினோம். வருடங்களை 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் பழைய பத்திரிகைகளிலும் ஒத்துப்பாருங்கள். வயதானவர்களின் ஞாபகத்தில் படத்தின் பெயர் பிசகாது, வருடம் பிசகும். அதை மேடையில் திருத்தக்கூடாது, அறிமுகக் குறிப்பில் சரியாக எழுதிவிட்டால் போதும்.

திகதி. போயா தினத்தை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, விடுங்கள், அன்று இறைச்சிக்கடை பூட்டு, பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெள்ளி இரவும் வேண்டாம். பாதிப் பேருக்கு மரக்கறி, மீதிப் பேர் வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் ஏற நிற்பார்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நோன்பு மாதமும் தவிர்க்கவேண்டியவை. ஞாயிறு மாலை ஐந்தரை மணி எங்களுக்குச் சரிவந்தது.

மண்டபத்துக்குப் பெரிய பெயர் தேடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சங்க மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும் உண்டு, கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பார்க்கவேண்டியது மூன்றுதான்: கீழ்த்தளமா, மலசலகூடம் அதே தளத்திலா, ஜெனரேட்டர் உண்டா. முற்பணம் கட்டும்போது எத்தனை மணிக்கு லைட் அணைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓர் இடத்தில் எங்கள் நன்றியுரையின் நடுவில் காவலாளி மின்விசிறியை நிறுத்திவிட்டார்.

காசு. நுழைவுச்சீட்டு விற்றால் சரிவராது, பழைய மாணவர்களிடம் மேசை மேசையாகக் கேளுங்கள், எட்டுப் பேர் மேசை ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பு. வருவதில் மூன்றில் இரண்டு பங்கு சாப்பாட்டுக்குப் போகும், போகட்டும். நினைவுச் சின்னத்தில் மிச்சம் பிடியுங்கள். அனுசரணையாளர் பதாகை மேடைக்குப் பின்னால் வரக்கூடாது என்பதில் நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு நகைக்கடை அதற்காகவே விலகியது.

சாப்பாடு எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும். ஹலால் கோழி, மரக்கறி தனி மேசை, தனிக் கரண்டி. புரியாணி செய்பவரிடம் எண்பத்தைந்து பேர் என்றால் எண்பத்தைந்து என்றே சொல்லுங்கள், அவர்களே பத்துப் பேருக்குக் கூட்டித்தான் போடுவார்கள். வந்தவுடன் கையில் ஏதாவது கொடுங்கள்: ரோல்ஸ், மரக்கறிப் பற்றிஸ், பிளேன்ரீ. விருந்தினருக்கும் வீட்டாருக்கும் ஏழு மணிக்கு இலையோ பீங்கானோ முன்னால் இருக்கவேண்டும், மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. இதை அறிவிப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். அறிவிப்பாளர்களுக்கு மைக் கிடைத்தால் மணிக்கூடு தெரியாது.

மேடையில் மூன்று உரை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பொன்னாடை ஒன்று, அதைப் போர்த்துவது அவரோடு வேலை செய்த ஒருவர். எங்களுக்கு வந்தவர் அதே தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்த சிங்கள ஐயா, எண்பது வயது. இருவரும் முப்பது வருடம் சந்திக்கவில்லை. சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். மொழிபெயர்க்க வைத்திருந்த தம்பி மைக்கைக் கீழே வைத்துவிட்டான். நான் அவனைப் பேசவில்லை.

பிறகு நடு நிகழ்ச்சி. ஒரு பழைய படத்தின் மூன்று நிமிடத் துண்டு, பொட்டுகள் அழியாத பிரதி. உரிமையாளரிடம் கடிதம் வாங்கியிருந்தோம், நீங்களும் வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். எங்கே பார்க்கவேண்டும் என்று சனத்துக்குச் சொல்லவில்லை. மண்டபம் இருட்டு. முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்த மனிதர், மூலையில் பொட்டு வந்த கணம், "மோட்டர்!" என்று கத்தினார். பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இரண்டாவது பொட்டுக்கு "மாத்து!" கை தன்பாட்டில் முன்னால் போய் இல்லாத நெம்புகோல் ஒன்றை இழுத்தது. துண்டை மூன்று தரம் போட்டுக் காட்டவேண்டியிருந்தது. மூன்றாம் தரம் எண்பத்தைந்து பேரும் அவரோடு சேர்ந்து கத்தினார்கள்.

எட்டே காலுக்கு வாகனம் வாசலில் நிற்கவேண்டும். அவரைக் கொண்டுபோய் விடுபவர், அவரைக் கூட்டிவந்த அதே ஆளாக இருக்கட்டும். சாப்பாட்டுப் பார்சல் ஒன்று, வர முடியாமல்போன வீட்டாருக்கு. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் இதற்காகவே ஒரு விருந்தைத் தள்ளிவைத்தோம். வயதானவரைப் பாதிவழியில் இறக்கமுடியாது.

கணக்கை ஒரு கிழமைக்குள் முடித்து வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கடன்வாங்கிய கேத்தல் உட்பட.

வாங்கிய படங்களை நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், கூரியரில் அனுப்பவேண்டாம். நான் போன அன்று அவர் திண்ணையில் இருந்தார். உறையைத் திறந்து, எங்கள் பட்டியலின் பிரதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு ஒருமுறை எண்ணினார். "பதினாலும் இருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது.