ஹாங்காங் தேநீர் மேசையில் இரண்டு நன்றிகள்

ஹாங்காங்கில் 'யம் சா' (தேநீரோடு டிம்சம் என்ற சிறு சிறு பலகாரங்களைச் சாப்பிடுவது) போகிறீர்களா? அங்கே பேசும் காண்டனீஸ் மொழியில் நன்றிக்கு இரண்டு சொற்கள். தேநீர் ஊற்றினால், தட்டை நகர்த்தித் தந்தால் 'ம்-கோய்'. பரிசு தந்தாலோ விருந்துக்குப் பணம் கொடுத்தாலோ 'தோ-ஜே'. பரிமாறுபவரைக் கூப்பிடவும் 'ம்-கோய்'தான், அதனால் முதலில் இதைப் பழகுங்கள்.

வாய் நிறைய இறால் கொழுக்கட்டை இருக்கும்போது யாராவது தேநீர் ஊற்றினால்? ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடக்கி மேசையில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள், அதுவும் நன்றிதான். நீங்கள் ஊற்றும்போது மற்றவர்களுக்கு முதலில், உங்கள் கோப்பைக்குக் கடைசியில்.

கெண்டியில் வெந்நீர் தீர்ந்துவிட்டதா? கூப்பிடவே வேண்டாம், மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள், வந்து நிரப்புவார்கள். அப்புறம் பில்லுக்கு, 'ம்-கோய், மாய்-தான்!'