மொஹாவி ரோடு: வீட்ட இழுத்துக்கிட்டே சுத்துறவங்க பாலைவனத்துக்குள்ள வண்டி விடுறது எப்படி

நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு வருஷமா ஒரு டகோமா பிக்கப்பும் அதுக்கு பின்னாடி 17 அடி டிரெய்லருமா அமெரிக்காவோட மேற்குப் பக்கம் சுத்திக்கிட்டு இருக்கோம், வாடகை வீடு கிடையாது, எங்க நிறுத்துறமோ அதுதான் வாசல். பாலைவனத்துக்குள்ள எப்படி வண்டிய விடுறீங்க, மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தடவ முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பொதுவா சொன்னா மண்டைல ஏறாது, அதனால நாங்க மூணு தடவ போன மொஹாவி ரோட்ட வெச்சே சொல்றேன்.

ரோடுன்னு பேருதான். கலிஃபோர்னியாவோட மொஹாவி பாலைவனத்துக்கு குறுக்கால போற பாதை இது. கொலராடோ ஆத்தங்கரைல நீடில்ஸ் ஊருக்கு பக்கத்துல ஆரம்பிச்சு மேற்கால ஆஃப்டன் கேன்யன் தாண்டி போய் முடியுது, ஏறக்குறைய 138 மைல், பெரும்பாலும் மண்ணு, மணல், கல்லு. மொஹாவி பழங்குடி ஜனங்க கடற்கரை வரைக்கும் வியாபாரத்துக்கு நடந்து போன தடம் இது, ஒரு ஊத்துல தண்ணி குடிச்சுட்டு அடுத்த ஊத்துக்கு நடக்குற கணக்குல உண்டான பாதை. அப்புறம் பட்டாளத்துக்காரங்க குதிரை வண்டி ஓட்டினாங்க. 1857ல பீல்னு ஒருத்தர் தலைமைல ஒட்டகத்தையெல்லாம் ஓட்டிட்டு வந்து கொலராடோ ஆத்த கடந்திருக்காங்க, நிஜமாவே ஒட்டகம், அமெரிக்க ராணுவம் வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரவழைச்சது. இப்ப நடுவுல பெரும்பகுதி 1994ல அறிவிச்ச மொஹாவி நேஷனல் ப்ரிசர்வ்ங்கற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள வருது, அதனால நம்பர் பிளேட்டும் இன்சூரன்சும் இருக்குற, ரோட்டுல ஓடலாம்னு அனுமதி உள்ள வண்டிதான் விடுவாங்க, ரோட்டுக்கு பதிவு பண்ணாத பக்கி வண்டிய ஏத்திட்டு வந்து ஏமாறாதீங்க.

முதல் விஷயம், வீட்ட உள்ள இழுத்துட்டு போகாதீங்க. டிரெய்லரோட உள்ள போனா திரும்ப முடியாது, ரிவர்ஸ் எடுக்கவும் இடம் இருக்காது, ஆக்சில் உடைஞ்சா வண்டி மட்டுமில்ல நம்ம கட்டிலும் அடுப்பும் சேந்து காட்டுல நிக்கும். சிட்டில இருந்து வாரக் கடைசிக்கு வர்றவனுக்கு வண்டி போச்சுன்னா வீடு இருக்கு, நமக்கு அதுதான் வீடு. நாங்க டிரெய்லர நீடில்ஸ்ல ஒரு ஆர்வி பார்க்ல, அதாவது இந்த மாதிரி வீட்டு வண்டி நிறுத்துற இடத்துல, காசு குடுத்து மூணு நாள் விட்டுட்டு போவோம். சும்மா கிடைக்குற பிஎல்எம் நிலத்துல, அதாவது அரசாங்கப் பொது நிலத்துல, நிறுத்தலாம்தான், பொதுவா 14 நாள் வரைக்கும் காசில்லாம தங்க விடுவாங்க, அப்புறம் வேற எடம் பாக்கணும், ஆனா ஆளில்லாத டிரெய்லர காட்டுல விட்டுட்டு ராத்திரி தூக்கம் வராது எனக்கு. குளிர்காலம் முழுக்க ஒரே எடத்துல இருக்கணும்னா அரிசோனால க்வார்ட்ஸைட் ஊர் பக்கம் லா போசா மாதிரி நீண்ட நாள் தங்குற இடங்கள் இருக்கு, செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பர்மிட் வாங்கிட்டு இருக்கலாம், அத தளமா வெச்சுக்கிட்டு சுத்துறவங்க ஏராளம்.

சீசன் அக்டோபர் கடைசில இருந்து ஏப்ரலுக்குள்ள. கோடைல போகாதீங்க, அவ்வளவுதான், இதுல பேச்சே இல்ல. பகல்ல 45 டிகிரி சாதாரணம், ஜூலை ஆகஸ்ட்ல மழையும் திடீர்னு வரும், எங்கயோ மலைல பெஞ்ச மழை வெயில் அடிக்கிற ஓடைல வெள்ளமா வந்து நிக்கும். அதனால மணல் மெத்து மெத்துன்னு இருக்கேன்னு காஞ்ச ஓடைக்குள்ள படுக்கை போடாதீங்க, எந்த மாசமா இருந்தாலும். குளிர்காலத்துலயும் ஏமாந்துடாதீங்க, நடுவுல பாதை நல்ல உயரத்துக்கு ஏறுது, ராத்திரி கேன்ல இருக்குற தண்ணி உறைஞ்சு காலைல காப்பி போட முடியாம உக்காந்திருக்கோம்.

இப்ப டயர். யாராவது எங்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லுன்னு கேட்டா காத்த இறக்குன்னுதான் சொல்வேன். தார் ரோட்டுல 35 பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்தத்த அளக்குற கணக்கு) இருக்குற டயர, மண்ணு ரோடு ஆரம்பிச்ச உடனே 20க்கு இறக்கிடுவேன், ஆழமான மணல் வந்தா 15. காத்து கம்மியானா டயர் நீளவாக்குல பரவி உக்காரும், எடை பரவலா விழும், மணல்ல புதையாது, கூரான கல்லு மேல ஏறினாலும் அமுங்கி குடுக்கும். அதுலயும் அந்த தகரக் கூரை மாதிரி வரிவரியா இருக்குற ரோடு இருக்கே, 35ல ஓட்டினா பல்லு கொட்டிடும், 20ல ஓட்டினா வலிக்கும் ஆனா தாங்கலாம். 12க்கு கீழ போனீங்கன்னா திருப்புறப்போ டயர் ரிம்ம விட்டு கழண்டுக்க வாய்ப்பு இருக்கு, அது வேணாம். காத்து இறக்கினதும் வேகத்தையும் இறக்கணும், திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்தணும், அதனால கம்ப்ரசர் இல்லாம காத்த இறக்குறது கிணத்துல இறங்கிட்டு கயித்த மேலயே விட்டுட்ட கதை. எங்க முதல் பயணத்துல சிகரெட் லைட்டர்ல சொருகுற குட்டி கம்ப்ரசர் ரெண்டாவது டயர்லயே சூடாகி நின்னுடுச்சு, 20 பிஎஸ்ஐலயே ஹைவே ஓரமா முப்பது மைல் வேகத்துல ஊருக்கு உருட்டிட்டு வந்தோம், லாரிக்காரங்க எல்லாம் ஹாரன் அடிச்ச அடி இன்னும் காதுல இருக்கு. பேட்டரில நேரா கிளிப் மாட்டுற கம்ப்ரசர் வாங்குங்க. ஸ்டெப்னி முழு சைஸ்ல இருக்கணும், அதுல காத்து இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கணும், பஞ்சர் கயிறு கிட் ரெண்டு. ஜாக்கி மணல்ல புதையும், அடில வைக்க ஒரு கனமான பலகை எடுத்துக்குங்க.

மணல்ல ஓட்டுறது பெரிய வித்தை இல்ல. நாலு சக்கரமும் சேந்து இழுக்குற 4 வீல முன்னாடியே போட்டுடுங்க, மாட்டின அப்புறம் போடுறதுல பிரயோஜனம் கம்மி. வேகமும் வேணாம் நிறுத்தவும் வேணாம், ஒரே சீரா போய்க்கிட்டே இருக்கணும், நிறுத்தணும்னா பிரேக்க மிதிக்காம தானா நிக்க விடுங்க, முன்னாடி மணல் மேடு கட்டாது. சக்கரம் சுத்துது வண்டி நகரலன்னு தெரிஞ்ச அந்த நொடியே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க. இன்னும் ஒரு மிதி மிதிச்சா வந்துடும்னு மனசு சொல்லும், அத கேட்டுத்தான் எல்லாரும் ஆக்சில் வரைக்கும் புதைக்கிறது. இறங்கி, சக்கரத்துக்கு முன்னாடி மணல வாரி, காத்த இன்னும் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு அடில பிடிமானம் குடுக்குற பலகைய சொருகி, மெதுவா வெளிய வாங்க. வேற வண்டி கயிறு கட்டி இழுக்க வந்தா டிரெய்லர் மாட்டுற உருண்டைல மட்டும் கயித்த மாட்ட விடாதீங்க, இழுக்குற வேகத்துல அது முறிஞ்சு குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்காங்க. சேசிஸ்ல போல்ட் போட்டிருக்குற கொக்கிலதான் மாட்டணும், அப்பவும் எல்லாரும் தள்ளி நிக்கணும்.

எங்க வண்டில நான்தான் ஓட்டுவேன், அவரு இறங்கி வழி சொல்வாரு. இதுல நடந்த சண்டைக்கு அளவே இல்ல, ஏன்னா அவரு என்னைய பாத்து நின்னுக்கிட்டு லெஃப்ட் லெஃப்ட்னு கத்துவாரு, அவரு லெஃப்ட்டா என் லெஃப்ட்டா? இப்ப டிரைவர் பக்கம், பக்கத்து சீட்டு பக்கம், நில்லு, இந்த மூணுதான் பேச்சு, மிச்சமெல்லாம் கைஜாடை. வழி சொல்றது ஒரே ஆளா இருக்கணும், கூட வந்தவங்க நாலு பேரு நாலு பக்கம் கை காட்டினா கண்டிப்பா கல்லுல இடிக்கும். ராக் ஸ்ப்ரிங் பக்கம் வாட்சன் வாஷ்னு ஒரு செங்குத்து எறக்கம் வரும், அங்க இது ரொம்ப உதவும். இறங்கி நடந்து பாருங்க, 4 லோல (நாலு சக்கரமும் மெதுவா, ஆனா பலமா இழுக்குற கியர்) முதல் கியர்ல விட்டு எஞ்சினே புடிச்சுக்க விடுங்க. மனசுக்கு சரியா படலன்னா சுத்திப் போற வழியும் இருக்கு, அதுல போனா கௌரவம் ஒண்ணும் குறைஞ்சுடாது.

தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டர்னு எல்லாரும் சொல்வாங்க. நாங்க அதுக்கு ரெட்டிப்பா எடுப்போம், ஒரே பெரிய கேன்ல இல்லாம நாலஞ்சு சின்ன கேன்ல, ஒண்ணு ஒழுகினா மிச்சம் இருக்கும். ஊத்து இருக்கேன்னு நம்பி போகாதீங்க, ஊத்துக்கு 200 கஜத்துக்குள்ள கூடாரமும் போடாதீங்க, ராத்திரி மிருகங்க தண்ணிக்கு வரும். சமையல்ல தண்ணி மிச்சம் பண்றதுக்கு நம்ம சாப்பாட்ட அடிச்சுக்க முடியாது, முதல் நாளைக்கு புளியோதரை கட்டிக்குவோம், மத்த நாள் குட்டி குக்கர்ல சாதம், பருப்புப் பொடி, நெய், அப்பளம் சுட்டுக்கலாம். தட்ட முதல்ல டிஷ்யூவால தொடச்சுட்டு அப்புறம் ஸ்ப்ரே பாட்டில்ல அடிச்சு கழுவினா ஒரு டம்ளர் தண்ணில ரெண்டு பேர் பாத்திரம் முடிஞ்சது. குப்பை டிஷ்யூ எல்லாம் பையில கட்டி திரும்ப கொண்டு வரணும். காலைக்கடனுக்கு பாதைய விட்டு, ஓடைய விட்டு தள்ளி போய் அரை அடி ஆழம் குழி.

டீசலோ பெட்ரோலோ ப்ரிசர்வுக்குள்ள கிடைக்காது. ஹைவேல கேலனுக்கு 20 மைல் குடுக்குற எங்க வண்டி மணல்ல 12தான் குடுக்கும், அந்த கணக்குல ரொப்புங்க. தேவைப்பட்டா பாதிக்கு மேல கெல்பேக்கர் ரோடுன்னு தார் ரோடு குறுக்க வரும், அதுல வடக்கால போனா பேக்கர் ஊர்ல பங்க் இருக்கு.

மூணு நாள் வெச்சுக்குங்க, கிழக்குல இருந்து மேற்கால. முதல் நாள் லேன்ஃபேர் பள்ளத்தாக்கு, அங்கங்க கல்லு குவிச்சு அடையாளம் வெச்சிருப்பாங்க. ஜோஷ்வா மரக் காடு ஒரு காலத்துல அடர்த்தியா இருந்த எடம், 2023ல யார்க்னு பேர் வெச்ச காட்டுத்தீல அந்த சுத்துவட்டாரத்துல 93,000 ஏக்கர் எரிஞ்சுடுச்சு, கருகின மரங்க நடுவுல மைல் கணக்கா ஓட்டுறப்போ வண்டிக்குள்ள யாரும் பேச மாட்டோம். ரெண்டாம் நாள் மார்ல் ஸ்ப்ரிங்ஸ், அப்புறம் வெட்டவெளில ஒரு கொடிக்கம்பமும் தபால் பெட்டியும், உள்ள நோட்டு இருக்கும், தமிழ்ல கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கோம். பின்னாடி தவளை பொம்மைங்க குவிச்சு ஒரு கோயில் மாதிரி வெச்சிருப்பாங்க, ஏன் தவளைன்னு கேக்காதீங்க.

மூணாம் நாள்தான் சோடா லேக். வத்திப்போன ஏரி, மேல பாத்தா வெள்ளையா சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், கீழ உளையா இருக்கும். மழை பெஞ்சு எத்தன நாள் ஆச்சுங்கறதுதான் எல்லாமே. ஓட்டுறதுக்கு முன்னாடி ஐம்பது அடி நடங்க, செருப்பு தடம் பதிஞ்சு ஓரத்துல ஈரம் தெரிஞ்சா வண்டி போகாது. ரெண்டாவது தடவ நாங்க போனப்போ அப்படித்தான் இருந்துச்சு, நாங்க கரைலயே ரெண்டு நாள் உக்காந்து புத்தகம் படிச்சோம். அன்னிக்கே மூணு வண்டில வந்த ஒரு கூட்டம், திங்கக்கிழமை வேலைக்கு போகணும்னு உள்ள விட்டாங்க, முதல் வண்டி கதவு வரைக்கும் இறங்கி, இழுக்கப் போன ரெண்டாவது வண்டியும் மாட்டி, வின்ச் (கம்பிய சுருட்டி இழுக்குற மோட்டார்) வெச்சு எடுக்க ராத்திரி ஆயிடுச்சு. ரோட்டுலயே வாழுறவங்களுக்கு இருக்குற ஒரே வசதி இதுதாங்க, நமக்கு திங்கக்கிழமை அவசரம் கிடையாது, அத பயன்படுத்திக்குங்க. அதனால ரெண்டு நாள் சாப்பாடும் தண்ணியும் கூடுதலா எடுத்துக்குங்க. காயலன்னா திரும்பி கெல்பேக்கர் ரோட்டுக்கு வந்து சுத்திப் போகணும். தடத்த விட்டு ஏரில புது கோடு போடாதீங்க, பல வருஷம் அழியாது. நடுவுல வழிப்போக்கர் கல்மேடு ஒண்ணு இருக்கு, கிளம்புறப்பவே ஒரு கல்லு எடுத்துட்டு போய் அதுல போடணும், உச்சில ஒரு தகட்டுல ஏதோ எழுதியிருக்கும், என்னன்னு யாரும் வெளிய சொல்றதில்ல, நானும் சொல்ல மாட்டேன்.

கடைசில ஆஃப்டன் கேன்யன்ல மொஹாவி ஆறு தரைக்கு மேல ஓடும். ஆழம் தெரியாம கால விடாதன்னு நம்மூர்ல சொல்றது இங்க சக்கரத்துக்கும்தான், கம்ப வெச்சு நடந்து பாத்துட்டு மெதுவா இறக்குங்க.

செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. சாட்டிலைட் மெசேஜ் அனுப்புற கருவி ஒண்ணு கைல இருக்கணும், மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு காகித மேப்பும் வெச்சுக்குங்க, எந்த வழில போறோம் எப்ப திரும்புவோம்னு வெளிய ஒருத்தருக்கு சொல்லிட்டு போங்க, நாங்க என் தங்கச்சிக்கு அனுப்புவோம். வண்டி நின்னுட்டா வண்டிய விட்டு போகாதீங்க, நெழல் அதுதான், தேடி வர்றவங்க கண்ணுல படுறதும் அதுதான். 1996 ஜூலைல டெத் வேலிங்கற பாலைவனத்துல ஒரு ஜெர்மன் குடும்பம், நாலு பேர், வாடகை மினிவேன்ல போய் காணாம போனாங்க. அக்டோபர்ல டயர் காத்துப்போன வேன் ஆன்வில் கேன்யன்ல கிடைச்சுது, பெரியவங்களோட எலும்புன்னு சொல்றது கிடைச்சது 2009ல, வேன்ல இருந்து பல மைல் தள்ளி.

வண்டிய நிழலுக்காக நிறுத்தினா திரும்ப எடுக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடில பாருங்க, பாலைவன ஆமை வந்து படுத்திருக்கும். கைல தூக்காதீங்க, பயத்துல சேத்து வெச்ச தண்ணிய மூத்திரமா விட்டுடும், அப்புறம் வெயில்ல தாங்காது. எங்க வண்டிக்கு அடில ஒண்ணு நாப்பது நிமிஷம் படுத்திருந்துச்சு, காத்துக்கிட்டுதான் இருந்தோம்.

வெளிய வந்ததும் ஐ-15 ஹைவே ஓரமா நாலு டயருக்கும் காத்து ஏத்துங்க, வீல் நட்ட ஒரு தடவ முடுக்கிப் பாருங்க, பார்ஸ்டோல ஒரு கார் வாஷ்ல அடிப்பக்கம் முழுக்க தண்ணி பீச்சுங்க, சோடா லேக் மண்ணுல உப்பு இருக்கு, விட்டா துரு புடிக்கும். ஏர் ஃபில்டர கழட்டி தட்டினா ஒரு பிடி புழுதி கொட்டும். அப்புறம் ஐ-40 புடிச்சா நீடில்ஸ்ல விட்ட டிரெய்லருக்கு ரெண்டரை மூணு மணி நேரம், நாங்க எப்பவும் இருட்டினப்புறம்தான் போய் சேருவோம், போன உடனே முதல் வேலை ரெண்டு பேரும் யாரு முன்னாடி குளிக்கிறதுன்னு அடிச்சுக்கிறது.