இந்திய ஏடிபிஎல் வைத்திருப்பவர் அமெரிக்க ஏடிபி பெறும் முறை

இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வழங்கிய ஏடிபிஎல் (விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமம்) உரிமத்துடன், அமெரிக்காவில் அதே பணியைச் செய்யும் எஃப்ஏஏவின் உரிமத்தை நாடும் விமானி, அங்கே இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். எஃப்ஏஏ விதி 61.75-இன்படி, வெளிநாட்டு உரிமத்தை அடிப்படையாகக் காட்டி ஒரு சான்றிதழ் பெறலாம்; ஆனால் அது பிரைவேட் பைலட் நிலைக்குரியது, அதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க இயலாது, மூல உரிமம் செல்லாமல் போனால் அதுவும் செல்லாமல் போகும். பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் அமர விரும்புபவர் ஏடிபிஎல்லுக்கு இணையான அமெரிக்க ஏடிபி சான்றிதழைத் தேர்வெழுதித்தான் பெற்றாக வேண்டும். எனவே நடைமுறையில் இது உரிம மாற்றமே அன்று, புதிய உரிமம்.

எனினும் விதி 61.153 ஒரு பெரிய சலுகையைத் தருகிறது. ஐசிஏஓ (பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) உறுப்பு நாடு வழங்கிய, இன்ஸ்ட்ருமென்ட் தகுதியுள்ள (கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதி) ஏடிபிஎல்லோ, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குடன் கூடிய வணிக உரிமமோ இருந்தால், அமெரிக்காவின் பிரைவேட், கமர்ஷியல் உரிமங்களை ஒவ்வொன்றாகப் பெறாமல் நேரடியாக ஏடிபி தேர்வுக்குச் செல்லலாம். அந்த உரிமத்தில் புவியியல் எல்லை சார்ந்த கட்டுப்பாடு எதுவும் இருக்கக்கூடாது. விண்ணப்பதாரருக்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது உரிமத்தின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கக் கோரி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பிரிவுக்கு விண்ணப்பிப்பதாகும். அவர்கள் டிஜிசிஏவிடம் விசாரித்து உறுதிசெய்த பிறகே கடிதம் தருவார்கள். இரு நாட்டு அலுவலகங்களுக்கிடையே நடக்கும் வேலை என்பதால் பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. அதே சமயம் கடிதம் ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால் மிகவும் முந்திக்கொள்ளவும் கூடாது. பயிற்சிக்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் பாதுகாப்பு அனுமதியும் பொருத்தமான விசாவும் தேவைப்படும் என்பதால், விமானச்சீட்டு வாங்குவதற்கு முன் இவற்றைப் பயிற்சி நிறுவனத்துடன் பேசி முடித்துவிடுங்கள்.

கடிதத்துக்குக் காத்திருக்கும் காலத்தில், பறந்த நேரங்களைப் பதியும் லாக்புக்கைச் சீரமைக்கலாம். மொத்தம் 1,500 மணி நேரம், அதில் கிராஸ் கன்ட்ரி (புறப்பட்ட இடத்தை விட்டுத் தொலைவு செல்லும் பறத்தல்) 500, இரவு 100, இன்ஸ்ட்ருமென்ட் 75, பிஐசி (விமானத்தின் பொறுப்பு விமானியாக) 250, பல எஞ்ஜின் விமானத்துக்குரிய சான்றிதழானால் அவ்வகையில் 50 என்று எஃப்ஏஏ கேட்கிறது. பெரும்பாலும் துணை விமானியாகவே பறந்தவர்களுக்குப் பிஐசி கணக்குதான் இடிக்கும். துணை விமானியாக இருந்தபடியே கேப்டனின் மேற்பார்வையில் கேப்டனின் கடமைகளைச் செய்த நேரத்தை அந்த 250-இல் சேர்க்க விதி இடமளிக்கிறது. ஆகவே அத்தகைய பறத்தல்களை லாக்புக்கில் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். ஏடிபிக்கான கிராஸ் கன்ட்ரி கணக்கில், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு அப்பால் சென்றிருந்தால் போதும், அங்கே தரையிறங்கியிருக்க வேண்டியதில்லை.

பல எஞ்ஜின் ஏடிபி எழுத்துத் தேர்வுக்கு முன் ஏடிபி-சிடிபி என்னும் ஆயத்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 30 மணி நேர வகுப்பும் 10 மணி நேர சிமுலேட்டர் பயிற்சியும் அடங்கிய இதை, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வெறும் செலவாக எண்ணுவதுண்டு. ஆனால் இதன் பின்னே ஒரு விபத்து இருக்கிறது: 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஸ்டாலாகி (இறக்கைகள் தூக்குவிசையை இழந்து) விழுந்து 50 பேர் இறந்தனர். இறந்தவர்களின் குடும்பங்கள் நடத்திய போராட்டத்தால் 2010-இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகவே இந்தப் பயிற்சி 2014 ஆகஸ்ட் முதல் கட்டாயமானது. ஸ்டாலைத் தவிர்ப்பதும் அதிலிருந்து மீள்வதும் இதன் முக்கியப் பாடங்கள் என்பதை நினைவில் கொண்டு, மனம் ஒன்றிப் பயிலுங்கள்.

எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. பல எஞ்ஜின் ஏடிபிக்கு அந்த முடிவு 60 மாதங்கள் செல்லும். செய்முறைத் தேர்வைப் பலரும் போயிங் 737 அல்லது ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்குடன் (அந்த விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) சேர்த்து சிமுலேட்டரிலேயே முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழிப்பதைவிட இதுவே சிக்கனமானது. விண்ணப்பத்தை எஃப்ஏஏவின் ஐஏசிஆர்ஏ இணையதளத்தில் நிரப்ப வேண்டும். கேப்டனாகப் பணியாற்ற முதல் வகுப்பு மருத்துவச் சான்று அவசியம். 40 வயதுக்குக் கீழ் 12 மாதமும், அதற்கு மேல் 6 மாதமும் அது செல்லும்.

அமெரிக்காவில் முகவரி இல்லாத விண்ணப்பதாரர்கள், எஃப்ஏஏ அனுப்பும் சட்ட அறிவிப்புகளைத் தங்கள் சார்பில் பெற்றுக்கொள்ளும் அமெரிக்க முகவர் ஒருவரை 2025 ஜனவரி முதல் நியமித்தாக வேண்டும். தேர்ச்சி பெற்றதும் தரப்படும் தற்காலிகச் சான்றிதழ் 120 நாட்களுக்குச் செல்லும். நிரந்தர அட்டை அஞ்சலில் வரும்.