காலேஜ்ல ஆண்-பெண் சமத்துவம் பேச ஜெண்டர் கிளப் ஆரம்பிக்கப் போறீங்களா? மொதல்ல போன விழாவோட கமிட்டி லிஸ்ட்ட எடுங்க

பாளையங்கோட்டைல எங்க திரும்பினாலும் ஒரு காலேஜ், மார்ச் 8 வந்துட்டா எல்லாத்துலயும் மகளிர் தினம். ஆனா அந்த விழாவுலயே பாருங்க, பட்டுச்சேலை கட்டிட்டு வாசல்ல சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமா நிக்கது பொண்ணுங்க, கோலம் போடுதது பொண்ணுங்க, ஏணில ஏறி பேனர் கட்டுததும் மைக் செட்ட பாக்கதும் பசங்க.

அதனால கிளப் தொடங்க சீஃப் கெஸ்ட் தேடி அலையாதீங்க. டிபார்ட்மெண்ட்ல கடைசியா நடந்த விழாவுல யாருக்கு என்ன வேலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, விளக்கம்லாம் வேண்டாம். அடுத்த விழாவுக்கு சீட்டு குலுக்கிப் போட்டு வேலைய பிரிங்க. பசங்க போடுத கோலம் கோணலாத்தான் வரும், வரட்டும். குரூப் புராஜெக்ட்லயும் இதே கததான், ராத்திரி முழிச்சு டைப் அடிக்கது ஒருத்தி, மேடையில பேசுதது ஒருத்தன், அங்கயும் சீட்டுதான்.

அடுத்தது ஐசிசி, அதான் பாலியல் தொல்லை புகார விசாரிக்கத உள்ளகப் புகார் குழு. பேரெல்லாம் போர்டுல இருக்கும், ஆனா மேல யாருக்கும் தெரியாம டைம்டேபிள ஒட்டி மறைச்சிருப்பாங்க. யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2015ல போட்ட விதிப்படி தலைவர் ஒரு சீனியர் பெண் பேராசிரியர், மொத்தத்துல பாதிக்கு குறையாம பெண்கள். புகார்ல ஸ்டூடண்ட் சம்பந்தப்பட்டிருந்தா யுஜி, பிஜி, ரிசர்ச்னு 3 ஸ்டூடண்ட்ஸும் வேணும், அதுவும் தேர்தல் வச்சு எடுக்கணும், துறைத் தலைவர் (எச்ஓடி) கை காட்டுத ஆளு இல்ல. இந்த தேர்தல நடத்தச் சொல்லி கேக்கதுதான் கிளப்போட உருப்படியான வேலைன்னு நான் சொல்லுவேன். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள புகார எழுதிக் குடுக்கணும், நியாயமான காரணம் இருந்தா இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், விசாரணைய 90 நாளுல முடிக்கணும். ஒரு பிள்ள வந்து சொல்லுச்சுன்னா "நீ எதுக்கு அங்க போன"ன்னு ஆரம்பிக்காதீங்க, மெசேஜ அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, புகார் குடுக்கவா வேண்டாமாங்கறத அவளே முடிவு பண்ணட்டும்.

பசங்கள விட்டுராதீங்க. நட கொஞ்சம் மெதுவா இருந்தா நம்பர் சொல்லி கிண்டல் பண்ணுதது, அழுதா "என்னலே பொட்டப்பிள்ள மாதிரி"ங்கறது, இதெல்லாம் ஹாஸ்டல்ல தினம் நடக்கு. ஆம்பளப் பசங்கள்ல சிலரும் திருநங்கைகளும் பாலியல் தொல்லையால பாதிக்கப்படுவாங்கன்னு அந்த யுஜிசி விதியிலயே எழுதியிருக்கு. 2014ல சுப்ரீம் கோர்ட்டு மூணாம் பாலினத்த அங்கீகரிச்சாச்சு, அப்ளிகேஷன்ல கட்டமும் போட்டாச்சு, டிக் அடிச்சு உள்ள வந்த பிள்ள எந்த பாத்ரூமுக்கு போகணும்னு ஆபீஸ்ல கேட்டு, பதில எழுத்துல வாங்குங்க.

கிளப் கூட்டத்த சாயங்காலம் வைக்காதீங்க. ஆலங்குளம், முக்கூடல், சேரன்மாதேவி போற பிள்ளைங்க பஸ்ஸப் பாத்து ஓடிரும், மிச்சம் இருக்கது பைக் வச்சிருக்க பசங்கதான். மதியம் வைங்க, டிபன் பாக்ஸோட வரச் சொல்லுங்க.