தும்மினால் சிறுநீர் சொட்டுகிறதா? கத்தி வைக்காமல் சரிசெய்யும் வழி, முதல் நாளிலிருந்து

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மா முப்பது வருஷம் பால்மரம் சீவினார். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால்வாளி தொங்க, மேடு பள்ளம் பார்க்காமல் நடந்த உடம்பு. பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, தும்மல் வந்தால் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு காலோடு கால் பின்னி நிற்பார். கோயிலுக்குக் கிளம்பும் நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார். ஏன் என்று ரொம்ப நாள் நான் கேட்டதில்லை. முன்பே கேட்டிருக்க வேண்டும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. பெரும்பாலான பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே நன்றாகக் குறையும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மூன்று நாள் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அம்மாவின் நோட்டில் ஒரு காலை இப்படி இருந்தது:

"6.10 கோப்பி. 7.00 அரிசி மூட்டை தூக்கினேன், கொஞ்சம் போச்சு. 7.40 குழாயைத் திறந்தேன், அவசரம், கதவுகிட்ட போறதுக்குள்ள நனைஞ்சிருச்சு."

இதில் இரண்டு வகையும் இருக்கிறது. தூக்கும்போதும் இருமும்போதும் சொட்டினால், தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமல் போனால், சிறுநீர்ப்பை நேரம் தெரியாமல் சுருங்குகிறது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம்.

தசையைக் கண்டுபிடிப்பது

இடுப்புத்தளத் தசை என்பது தொட்டிலுக்குக் கட்டிய சேலை மாதிரி. சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாம் அதன்மேல்தான் இருக்கின்றன. பிரசவமும் பல வருஷம் கனம் தூக்கியதும் சேலையைத் தொய்ய வைக்கும். அதை இழுத்துக் கட்டும் பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதி வெளியிட்டார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளே இழுத்து, அதே இழுப்பை முன்பக்கம் கொண்டுவந்து மேலே தூக்குங்கள். பிட்டமும் தொடையும் இறுகக்கூடாது. மூச்சை அடக்காதீர்கள்; வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். நிறையப் பேர் செய்யும் தப்பு, கீழே முக்குவது. அது சேலையை இன்னும் தொய்ய வைக்கும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம்.

மூன்று விநாடி இழுத்துப் பிடித்து, மூன்று விநாடி விடுங்கள். முழுசாக விடுவதும் பயிற்சிதான். ஒரு தடவைக்கு 8 முறை, ஒரு நாளைக்கு 3 தடவை. வாரம் போகப் போகப் பத்து விநாடி வரை கூட்டுங்கள். முடிவில் சில வேகமான இழுப்புகள். தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்ததும், அதற்கு முன்பே இழுத்துப் பிடிக்கப் பழகுங்கள். மூட்டை தூக்கும் முன்பும் அப்படியே.

மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டாவது வாரம் "ஒண்ணும் ஆகல" என்று அம்மா நிறுத்தப் பார்த்தார். மூன்றாம் மாதம் தூணைப் பிடிக்காமல் தும்மினார்.

அவசரமாக வருகிறவர்களுக்கு

முட்டும்போது ஓடாதீர்கள். நில்லுங்கள் அல்லது உட்காருங்கள், தசையை ஐந்தாறு முறை வேகமாக இழுத்து விடுங்கள், அந்த அலை இறங்கட்டும், பிறகு நடங்கள். மணிக்கொரு தரம் போகிறவர் முதல் வாரம் 15 நிமிஷம் தள்ளிப் போடலாம். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேர இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். இதற்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள்.

குடிப்பதும் சாப்பிடுவதும்

தண்ணீரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சிறுநீர் கெட்டியானால் பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் சேரும். முக்க முக்கத் தசை இன்னும் தளரும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். குறைக்க வேண்டியது கோப்பியும் தே தாரிக் டீயும். உடல் எடை அதிகமிருந்தால் சில கிலோ இறங்கினாலே வித்தியாசம் தெரியும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அடிக்கடி போகும். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டும், சில வறட்டு இருமல் தரும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கிளினிக்கிற்கு எப்போது

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் பயிற்சியைக் காத்திருக்க வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் போகவே முடியாவிட்டாலோ, கால் மரத்து பலவீனமானாலோ அன்றைக்கே போக வேண்டும். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் குறையாவிட்டாலும் போங்கள். தசையைச் சரியாக இழுக்கிறீர்களா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். உள்ளே வைத்துத் தாங்கும் சிலிகான் வளையம், மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு, அவசர வகைக்கு மாத்திரை என்று இன்னும் வழிகள் இருக்கின்றன.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். சொல்ல நா எழாவிட்டால் நோட்டை நீட்டி, "தாக் போலே தாஹான் கென்சிங்" (சிறுநீரை அடக்க முடியவில்லை) என்று மலாயில் மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.