டிஆர்எம்டி நொதி: பாதிப் புரதத்தோடு மல்லுக்கட்டியது

பாக்டீரியாவில் புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டிஆர்என்ஏயில் 37ஆவது இடத்துக் குவானினுக்கு மெதைல் சேர்ப்பது டிஆர்எம்டி. அதன் படிகக் கட்டமைப்பை இறக்கி, ஹற்றனில் வீட்டு லேப்டொப்பில் டொக்கிங் ஓட்டினேன், அதாவது மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது. மூலக்கூறு நொதியின் வினை நடக்கும் குழிக்குள் இறங்கவே இல்லை, வாசலில் தொங்கியது. ஒரு பக்கம் சுவரே இல்லாத அறை மாதிரி இருந்தது அந்தக் குழி.

மென்பொருள் தேடும் எல்லையான கிரிட் பெட்டியைப் பெருப்பித்தேன், ஹைட்ரஜனைத் திரும்பச் சேர்த்தேன், தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கினேன். ஒன்றும் சரிவரவில்லை. இடையில் கரண்ட் வேறு போய், ஓடிய வேலை எல்லாம் வீண்.

கடைசியில் அந்தக் கட்டமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து, புரதம் முழுதாக எப்படிச் சேரும் என்று சொல்லும் ரிமார்க் 350 பகுதியை வாசித்தேன். இந்த நொதி இரட்டையாகத்தான் வேலை செய்யும். வினைக் குழி இரண்டு புரதச் சங்கிலிகளும் சேரும் இடத்தில். கோப்பில் இருந்ததோ ஒரு சங்கிலி. மற்றதைச் சுழற்றி வைக்கும் எண்கள் மட்டும் அங்கே இருந்தன.

இரண்டு சங்கிலியும் சேர்ந்த முழு வடிவத்தைத் தரும் பயோலொஜிக்கல் அசெம்பிளி கோப்பை இறக்கினேன். புரதங்களைப் பார்க்கும் பைமோல் மென்பொருளில் அதிலும் ஒன்றுதான் தெரிந்தது! மூலையில் சின்னதாக "1/2" என்று இருந்ததைக் கவனியுங்கள்: இரண்டாவது பிரதி அடுத்த ஸ்டேட்டில், அதாவது அடுத்த பக்கம் மாதிரி, ஒளிந்திருக்கிறது. ஸ்ப்ளிட் ஸ்டேட்ஸ் கட்டளையால் பிரித்தேன். இரண்டுக்கும் சங்கிலிப் பெயர் 'ஏ' என்றே இருக்கும். ஒன்றை 'பி' ஆக்காமல் சேமித்தால் டொக்கிங் மென்பொருள் குழம்பும். மாற்றிச் சேர்த்து ஓட்டியதும் மூலக்கூறு நேரே குழிக்குள், புரதச் சங்கிலி முடிச்சுப் போட்டிருக்கும் இடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அப்பாடா!